புத்தகமும் நூலகரும் சுவாசிக்கும் ஒரே காற்று

உங்கள் ஊர்க் கிளை நூலகம் திறக்கும் நேரத்துக்குச் சரியாக ஒருநாள் போய் நில்லுங்கள். நூலகர் பூட்டைத் திறந்து, சன்னல் கதவுகளைத் தள்ளி, மின்விசிறியைப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் கிடைக்கும். இரவெல்லாம் மூடிக் கிடந்த அறையிலிருந்து ஒரு வாசனை வந்து முகத்தில் படும். காய்ந்த வைக்கோலும் பாட்டியின் பழைய மரப்பெட்டியும் கலந்தது போன்ற வாசனை. வாசிக்கிறவர்களில் பலருக்கு அது பிடிக்கும். சிலர் அதற்காகவே நூலகத்துக்குப் போவதாகச் சொல்வார்கள்.

அந்த வாசனை, காகிதம் மெல்ல மெல்ல உடைந்துகொண்டிருப்பதன் அடையாளம். காகிதத்தில் இருக்கும் பொருள்கள் சிதையும்போது சிறு சிறு மூலக்கூறுகள் ஆவியாகிக் காற்றில் கலக்கின்றன. வெனிலா ஐஸ்கிரீமுக்கு மணம் தரும் வெனிலின், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம், பாதாம் போல மணக்கும் ஃபர்ஃபியூரல் எல்லாம் அதில் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மத்தியா ஸ்டர்லிச்சும் அவருடைய குழுவினரும் பழைய காகிதங்கள் வெளியிடும் இந்த வாயுக்களைப் பகுத்தறிந்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏட்டின் ஓரத்தைக் கிள்ளியெடுத்துச் சோதிக்க வேண்டியதில்லை, அது விடும் மூச்சை வைத்தே அதன் உடல்நிலையைக் கணிக்கலாம் என்று காட்டிய ஆய்வு அது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி.

புத்தகம் விடும் அந்த மூச்சை, தினமும் முதல் ஆளாக உள்ளே இழுப்பவர் நூலகர். அதன் அளவு மிகச் சிறியது என்பதால் வாசனையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் புத்தகத்தை மூப்படையச் செய்யும் வெப்பம், ஈரம், தூசி ஆகிய மூன்றும் அதே அறையில் நூலகரின் உடலிலும் வேலை செய்கின்றன. காகிதத்தின் மீது அவை என்ன செய்கின்றன என்பதை அறிவியல் நுணுக்கமாக அளந்து வைத்திருக்கிறது. அந்த அளவுகோலை எடுத்து, பக்கத்தில் நிற்கும் மனிதர் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

காகிதம் ஏன் பழுக்கிறது?

காகிதத்தின் உடல் செல்லுலோஸால் ஆனது. குளுக்கோஸ் என்ற சர்க்கரை மணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட மாலை என்று அதை நினைத்துக்கொள்ளலாம். மாலை நீளமாக இருக்கும்வரை காகிதம் மடங்கும், வளையும், கிழியாமல் தாங்கும். மாலை துண்டுதுண்டாக அறுந்தால், விரலால் தொட்டதும் அப்பளம் போல நொறுங்கும்.

பருத்திக் கந்தலில் செய்த பழைய காகிதங்கள் பல நூற்றாண்டுகள் தாங்கியிருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் வாசகர்கள் பெருக, கந்தல் போதவில்லை. 1844-இல் ஜெர்மனியின் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காகிதம் செய்யும் வழியைக் கண்டார். மை பரவாமலிருக்கப் படிகாரத்தையும் குங்கிலியம் போன்ற மரப்பிசினையும் கூழில் சேர்க்கும் முறை 1807-இலேயே அங்கே வந்துவிட்டது. புத்தகம் மலிவானது, ஏழை வீட்டுக்கும் வந்தது. ஆனால் படிகாரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து காகிதத்துக்குள் அமிலத்தன்மையை உண்டாக்கியது. அமிலம் செல்லுலோஸ் மாலையை அறுக்கிறது. அறுந்த இடத்திலிருந்து மேலும் அமிலம் பிறக்கிறது, அது இன்னும் சில கண்ணிகளை அறுக்கிறது. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருளோ ஒளியும் ஆக்சிஜனும் பட்டு மஞ்சளாகிறது. வெயிலில் கிடந்த செய்தித்தாள் ஒரே நாளில் பழுப்பேறுவது இதனால்தான்.

இந்த வேதிவினைகளுக்கு வேகம் கொடுப்பது வெப்பம். நூல் பாதுகாப்பில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: அறையின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் காகிதத்தின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி அறையில் இருக்கும் நூலைவிட 40 டிகிரி அறையில் இருக்கும் நூல் கால்பங்கு காலம்தான் வாழும். சித்திரை வெயிலில் சிமென்ட் ஷீட் கூரையின் கீழே நடக்கும் ஒரு நூலகத்துக்கு 40 டிகிரி பெரிய அளவு அல்ல.

அதே கூரையின் கீழே நூலகரும் உட்கார்ந்திருக்கிறார். மனித உடல் தன்னை 37 டிகிரியை ஒட்டி வைத்திருக்கப் பாடுபடும். சுற்றியிருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருந்தால், வியர்வை ஆவியாவது ஒன்றுதான் உடலுக்கு இருக்கும் வழி. கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை காயாமல் வழியும், உடல் குளிராது. தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்ப இதயம் வேகமாகத் துடிக்கும். களைப்பு கூடும், கவனம் சிதறும், பதிவேட்டில் எண் மாறும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் நூலில் பூசணம் பிடிக்கத் தொடங்கும். நூலுக்குத் தீங்கான ஈரம் நூலகரின் வியர்வையையும் ஆற விடாது. கூரைக்கு அடியில் ஒரு தட்டி அமைத்து, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, வெயில் விழும் பக்கம் ஒரு மரம் வைத்தால் நூலும் பிழைக்கும், நூலகரும் பிழைப்பார்.

துடைக்கும் துணியில் என்ன இருக்கிறது?

நூலகர் தூசி தட்டுவதைக் கிட்டே நின்று பாருங்கள். பழகிய நூலகர் ஒரு நூலை எடுத்ததும் விரிக்க மாட்டார். இறுக மூடிப் பிடித்து, முதுகுப் பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக மேல் விளிம்பைத் துடைப்பார். மூடிய நூலின் மேல் விளிம்பில்தான் தூசி படியும். நூலைத் தளர்வாகப் பிடித்துத் துடைத்தால் அது இதழ்களுக்குள் இறங்கிவிடும். இரண்டு நூல்களை ஒன்றோடொன்று மோதித் தட்டுவதும் வழக்கம்தான். அப்போது எழும் சிறு மேகம் வெளிச்சத்தில் மின்னும், சற்று நேரத்தில் மறைந்துவிடும். மறைந்தது போல நமக்குத் தோன்றுகிறது. அது காற்றில்தான் இருக்கிறது.

அந்த மேகத்தில் உதிர்ந்த காகித இழைகள், தெருப்புழுதி, மனிதத் தோலின் செதில்கள், பூச்சிகளின் எச்சம், அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற பூசணங்களின் வித்துகள் எல்லாம் இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். பூசண வித்துகளில் பல 2 முதல் 10 மைக்ரான்தான். பெரிய துகள்களை மூக்கின் மயிரும் சளியும் பிடித்துக்கொள்ளும். 5 மைக்ரானுக்கும் சிறியவை மூச்சுக்குழாயைத் தாண்டி நுரையீரலின் ஆழம்வரை போக வல்லவை. சிலருடைய உடல் இந்த வித்துகளைப் பகைவன் என்று எடுத்துக்கொண்டு ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். தும்மல், கண் அரிப்பு, இளைப்பு எல்லாம் அந்தத் தற்காப்பின் விளைவு. பல ஆண்டுகள் நூலகத்தில் வேலை செய்தவர்களிடம் பேசிப் பாருங்கள். ‘டஸ்ட் அலர்ஜி’ என்ற சொல் உடனே வந்து விழும். வீட்டில் ஏற்படுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் இருமலுக்கு வேர் அலமாரியில் இருக்கலாம்.

தூசிக்கு அடுத்தது பூச்சி. ஓலைச்சுவடிக் காலம் முதல் நம்மவர்கள் அறிந்த பகை இது. ஏட்டை அம்பு போல் துளைத்துச் செல்வதால் அதற்கு இராமபாணப் பூச்சி என்று பெயரே வைத்தார்கள். துளைப்பது வண்டின் புழு. கண்ணாடிப் பேழையில் வைத்தாலும் உள்ளே ஏற்கெனவே இட்ட முட்டை பொரிந்து, அட்டை முதல் அட்டைவரை சுரங்கம் போடும். நம் முன்னோர் வேப்பிலையும் வசம்பும் வைத்து அதைத் தடுக்கப் பார்த்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டு கடுமையான மருந்துகளைக் கொண்டுவந்தது. நூல்களைப் புகைமூட்ட எத்திலீன் ஆக்சைடு வாயு பல நாடுகளில் பயன்பட்டது. பூச்சி செத்தது. பின்னாளில் அந்த வாயு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 1994-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியது. நூலைக் காத்த கை அதற்கு விலை கொடுத்தது. விக்டோரியா காலத்துப் பச்சைத் துணி அட்டைகள் சிலவற்றில் இருந்த அழகிய மரகத நிறம் ஆர்சனிக் கலந்த சாயம் என்பதும், அமெரிக்காவின் வின்டர்தூர் அருங்காட்சியகம் 2019-இல் தொடங்கிய ஆய்வில்தான் பரவலாகத் தெரியவந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைக் கையாண்டவர்களுக்கு யாரும் எச்சரிக்கை சொல்லவில்லை.

நூலுக்கும் ஆளுக்கும் ஒருசேர நன்மை தரும் வழி 1970-களில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் கண்டறியப்பட்டது. வண்டு பிடித்த நூல்களைப் பையில் அடைத்து, உறைநிலைக்கு வெகு கீழான கடுங்குளிரில் சில நாட்கள் வைத்தார்கள். முட்டை, புழு, வண்டு எல்லாம் இறந்தன. நஞ்சு ஒரு துளியும் இல்லை. உலகின் பல நூலகங்கள் இன்று இந்த முறையைப் பின்பற்றுகின்றன. இருவர் நலனையும் சேர்த்து யோசித்தால் அறிவியல் வழி கண்டுபிடித்துவிடும் என்பதற்கு இது சாட்சி.

தரைக்கு ஒரு கணக்கு, முதுகுக்கு?

காகிதம் கனமானது. தனித்தனி நூலாகத் தூக்கும்போது தெரியாது. வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும். புத்தகம் அடுக்கிய அட்டைப்பெட்டியைத்தான் யாரும் தூக்க முன்வர மாட்டார்கள். பொறியாளர்களுக்கும் தெரியும். இந்தியக் கட்டுமானத் தரக்குறியீட்டின்படி குடியிருப்பு வீட்டின் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ சுமையைத் தாங்குமாறு கட்டப்பட வேண்டும். நூலகத்தின் அடுக்கறைத் தளமோ 2.2 மீட்டர் உயரம் வரையிலான அலமாரிகளுக்கே ஏறக்குறைய 600 கிலோவைத் தாங்க வேண்டும். மும்மடங்கு. அலமாரி இன்னும் உயர்ந்தால் கணக்கும் உயரும்.

தரைக்குப் போட்ட இந்தக் கணக்கை முதுகுக்கும் போட்டுப் பார்க்கலாம். 10 கிலோ எடையுள்ள நூல் கட்டு ஒன்றைக் கீழ்த்தட்டிலிருந்து குனிந்து எடுக்கிறார் நூலகர். கட்டு அவருடைய இடுப்பிலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கும் முதுகுத் தசையோ முதுகெலும்பின் மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஏற்றப்பலகை விளையாட்டில் நீளமான பக்கம் உட்கார்ந்த சின்னப்பிள்ளை, நடுவுக்குக் கிட்டே உட்கார்ந்த பெரியவரைத் தூக்கிவிடுவதைப் பார்த்திருப்போம். அதே கணக்குத்தான் இது. தூரம் பத்து மடங்கு என்பதால் தசை இழுக்க வேண்டிய விசையும் பத்து மடங்கு. 10 கிலோ கட்டுக்காக முதுகுத் தசை 100 கிலோவுக்குச் சமமான விசையோடு இழுக்கிறது. குனிந்த உடலின் எடைக்கு ஆகும் விசை இதற்கு மேலே. அவ்வளவும் முதுகெலும்பின் கண்ணிகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளை நசுக்குகிறது. கட்டை உடலோடு ஒட்டி, 20 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் விசை 40 கிலோவாக இறங்கிவிடும்.

இந்த ஒரு கணக்குத் தெரிந்தால், நூலகத்துக்குத் தேவையானவை எவை என்பதும் தெரிந்துவிடும். நூல்களைத் தள்ளிச் செல்லச் சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டி. மேல்தட்டுக்கு எட்ட, ஆடாத ஒரு படி ஸ்டூல். கனமான அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் இடுப்பு உயரத் தட்டில். 1931-இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டி நூலகம் தொடங்கினார். ஊர் ஊராகப் போன அந்த வண்டியில் நூல்களின் எடையை மாடுகள் இழுத்தன. இன்று பல கிளை நூலகங்களில் அந்த எடை ஒரே ஆளின் கையில் இருக்கிறது.

ஒற்றை ஆள்

அந்த மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகச் சேர்ந்தார். ஆளரவமற்ற அந்த அறையின் தனிமை அவரைச் சில நாட்களிலேயே வாட்டிவிட்டது. பழைய வேலைக்கே போகிறேன் என்று மேலிடத்தில் போய் நின்றார். இங்கிலாந்து சென்று நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் கல்லூரிக்குத் திரும்பலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே நூலகங்கள் சாதாரண மக்களின் வாழ்வில் கலந்திருப்பதைக் கண்டார். வேலை என்ன என்பது புரிந்தது. திரும்பி வந்து அதே பதவியில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்தார். உலகமே படிக்கும் நூலக அறிஞராக உயர்ந்தவரையும் முதலில் வீழ்த்தப் பார்த்தது நூலுமல்ல, தூசியுமல்ல, தனிமைதான். அவரை மீட்டது அந்தப் பயிற்சிதான்.

அந்தத் தனிமை இன்னொரு வடிவில் இன்றும் இருக்கிறது. ஊருக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை. மக்கள் வர வசதியாக நூலகம் அன்று திறந்திருக்க, நூலகருக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு. உள்ளே ஒரே ஆள். நூல் இரவல் கொடுப்பது, திரும்பப் பெறுவது, செய்தித்தாள் அடுக்குவது, புது வரவுகளைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுவது, முத்திரை குத்துவது, இருப்புச் சரிபார்ப்பது, புரவலர் சேர்ப்பது, வாசகர் வட்டக் கூட்டத்துக்கு நாற்காலி போடுவது என எல்லாம் அவர் தலையில். கூட்டுவதும் பல இடங்களில் அவரே. இந்த வேலைகளுக்கு நடுவில்தான் வாசகர் வந்து நிற்கிறார்.

வந்து நிற்கும் வாசகரின் கேள்வியிலும் ஓர் அறிவியல் உண்டு. அமெரிக்க நூலகவியல் அறிஞர் ராபர்ட் டெய்லர் 1968-இல் எழுதியபடி, மனதுக்குள் இருக்கும் தேவை வேறு, வாயில் வரும் கேள்வி வேறு. ‘உடம்பு பத்தி புக் இருக்கா?’ என்று கேட்கும் அம்மாவுக்கு வேண்டியது, மகனுக்கு வந்திருக்கும் மஞ்சள்காமாலையைப் பற்றிய ஒரு நல்ல நூலாக இருக்கலாம். ‘யாருக்கும்மா? என்ன செய்யுது?’ என்று இரண்டு கேள்வி கேட்டால்தான் சரியான நூல் கைக்கு வரும். அந்த இரண்டு கேள்விக்கு நேரம் வேண்டும், நிதானம் வேண்டும். வெப்பத்தில் களைத்து, முதுகு வலித்து, வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அந்தக் கேள்விகளை எப்படிக் கேட்பது? நூலகரின் பணிச்சூழல் கெட்டால் முதலில் காணாமற்போவது வாசகருக்குக் கிடைக்க வேண்டிய அந்த இரண்டு கேள்விகள்தான்.

ஒரு நூலகத்துக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பதற்கும் ரங்கநாதன் சூத்திரம் எழுதி வைத்திருக்கிறார். கணித ஆசிரியர் அல்லவா! ஆண்டுக்கு 6,000 நூல்கள் புதிதாகச் சேர்ந்தால் நூல் தேர்வுப் பிரிவுக்கு ஓர் ஆள். ஓர் இரவல் வாயில் ஆண்டு முழுதும் திறந்திருக்கும் மொத்த மணி நேரத்தை 1,500 ஆல் வகுத்தால் அந்த வாயிலுக்கு வேண்டிய ஆள்கணக்கு. இப்படிப் பிரிவுக்குப் பிரிவு கணக்குப் போட்டார். ஆண்டுக்கு 300 நாட்கள், நாளுக்கு 6 மணி நேரம் திறக்கும் ஒரு சின்ன நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1,800 மணி நேரம் ஆகிறது. வகுத்தால் 1.2. இரவல் வாயிலுக்கு மட்டுமே ஓர் ஆளுக்கு மேல் தேவை. மற்ற வேலைகள் இன்னும் கணக்கில் சேரவில்லை. ஓய்வறியாமல் உழைத்தவர் என்று பெயரெடுத்த ரங்கநாதன், தம்முடைய உழைப்பை மற்றவர்களுக்கு அளவாக வைக்கவில்லை. நூலகத்தை வளரும் ஓர் உயிராகப் பார்த்த அவர் நூல், வாசகர், பணியாளர் என்ற மூன்றையும் அதன் உறுப்புகளாக எண்ணினார். மூன்றில் ஒன்று வளராமல் நின்றால் உயிர் வளராது.

நம் பணம், நம் கேள்வி

சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று முதலில் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். அது 1948-ஆம் ஆண்டு. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ரங்கநாதனின் பல்லாண்டு முயற்சி இருந்தது. இன்று தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம் முதல் ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம்வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குளிரூட்டிய அறைகளோடு நிமிர்ந்து நிற்கின்றன. ஒரு நல்ல நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும், கட்டவும் தெரியும் என்பதற்கு அவை சான்று. அந்த அறிவு ஷீட் கூரையின் கீழே இருக்கும் ஊர்ப்புற நூலகம்வரை நடந்து போக வேண்டும். அங்கே இருக்கும் ஊர்ப்புற நூலகருக்கு முறையான ஊதியமும் அதோடு சேர்ந்து கிடைக்க வேண்டும். ஊதியம் நிலையில்லாதவர் உடம்புக்கு முடியவில்லை என்றாலும் விடுப்பு எடுக்கத் தயங்குவார். தூசியும் வெப்பமும் அவரைத்தான் அதிகம் வாட்டும்.

வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. தூசி தட்டும் நாளில் என்95 முகக்கவசம், நுண்துகளை வெளியே விடாத வடிகட்டி வைத்த தூசி உறிஞ்சி, ஒரு தள்ளுவண்டி, ஒரு படி ஸ்டூல், கூரைக்கு அடியில் ஒரு தட்டி, குடிநீர், கழிப்பறை. இவற்றோடு கூட ஓர் ஆள்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சொத்து வரியாக நாம் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. உள்ளாட்சிகள் அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். எனவே உங்கள் ஊர் நூலகத்தின் கூரையிலும் நாற்காலியிலும் உங்கள் பங்கு இருக்கிறது. அடுத்த முறை நூல் எடுக்கப் போகும்போது, ‘மின்விசிறி ஓடுகிறதா? கூட ஆள் இருக்கிறார்களா? இருமல் எப்படி இருக்கிறது?’ என்று நூலகரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை வாசகர் வட்டத்தின் பெயரில் ஒரு மனுவாக எழுதி, மாவட்ட நூலக அலுவலருக்கும் உங்கள் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ கொடுங்கள். 10 காசு கட்டியவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.